பரணிலிருந்து இறங்கிய பெட்டி

வடக்கனந்தல்
19-1-1972

அன்புத் தங்கை அம்சவள்ளிக்கு, அக்கா பெரியநாயகி சொல்லச் சொல்ல மகள் தைலம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மலைக் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரர் வாத்தியார் தம்பியும் குழந்தை சின்னதுரையும் எப்படி இருக்கிறீர்களோ என்று நினைக்காத நாள் இல்லை.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. போகிக்கு வீடு ஒழித்தபோது பரணிலிருந்து பச்சை டிரங்குப் பெட்டி இறங்கியது. உனக்கு ஞாபகம் இருக்கும். செவ்வந்தியிலிருந்து பூமாலை வரைக்கும் என் பிள்ளைகள் ஐந்து பேரும் போட்டு வளர்ந்த துணி அத்தனையும் அதில்தான் இருக்கிறது. கயிறு வைத்த மல் சட்டை, சீட்டிப் பாவாடை, பிளானல் சட்டை, குல்லாய், தூளி கட்டின புடவை. மூடி சாத்தினால் சாத்த வரவில்லை.

பூமாலையும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். இனி இந்த வீட்டில் அந்தத் துணி சேர்கிற அளவில் ஆளில்லை. உன் மாமாவுக்குப் பரண் வேண்டுமாம், விதைக்கடலைக்கு எடுத்து வைத்த மல்லாட்டை மூட்டை போட. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற கண்ணாயிரம் வந்து பார்த்தார். பெட்டியில் இருப்பது மொத்தமும் கொடுத்தால் ஒரு எவர்சில்வர் அண்டா தருகிறாராம். பொங்கலுக்கு வந்திருந்த செவ்வந்தியிடம், "நாளைக்கு உனக்கு ஒண்ணு பொறந்தா ஆகும், வெச்சிருக்கட்டுமா?" என்று கேட்டேன். "எங்க வூட்ல பழசெல்லாம் போட மாட்டாங்கம்மா, கடையில வாங்கிக்கலாம்" என்றாள். உளுந்தூர்பேட்டையில் ஓட்டல் வைத்திருக்கிறவர்கள், சொல்வார்கள். பிறந்த குழந்தைக்கு முதல் துணி நன்றாக வளர்ந்த பிள்ளை போட்ட பழந்துணியாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு எங்கே தெரிகிறது.

எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை. எடுத்துப் பார்க்கிறேன், மடித்து வைக்கிறேன். கொடுப்பதா, வைத்துக்கொள்வதா, நீ சொல்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அக்கா,
பெரியநாயகி

சித்தி, அண்டா ரொம்ப அழகாக இருக்கிறது. இது நான் எழுதியது. தைலம்மாள்.


வெள்ளிமலை
3-2-1972

என் அருமை அக்காவுக்கு அம்சா எழுதுவது. உங்கள் ஆசியால் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். அங்கே மாமாவும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

அக்கா, உனக்கு என்ன கேடு? ஐந்து பிள்ளையை வளர்த்த துணியைக் கொண்டுபோய் அண்டாவுக்குக் கொடுப்பாயா? அந்த அண்டாவில் யாருக்குச் சமைக்கப் போகிறாய், ஊருக்கா? தைலு, அண்டாவை நீ கல்யாணம் ஆகிப் போகும்போது சித்தி வாங்கித் தருகிறேன், இப்போது வாயை மூடிக்கொண்டு படி.

பெட்டியை அப்படியே இங்கே அனுப்பு. பூமாலையின் சட்டை சின்னதுரைக்கு அளவாக இருக்கும். இங்கே காலையில் பனி விலக நேரமாகிறது, பிளானல் துணிக்கு அவ்வளவு மதிப்பு. பக்கத்தில் காசியம்மாள் என்று ஒருத்தி, சாமைக் கொல்லையில் கூலி வேலை செய்கிறாள். இரண்டும் கைப்பிள்ளை. குளிருக்கு அப்பன் துண்டைச் சுற்றி வைக்கிறாள். துணி பரணில் கிடப்பதற்கு இந்தப் பிள்ளைகள் உடம்பில் கிடக்கட்டும்.

ஆனால் ஒன்று. உனக்கென்று நாலு துணி எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பு. செவ்வந்தி இன்றைக்கு அப்படித்தான் சொல்வாள். உன் வீட்டில் அடுத்த தூளி பேரனுக்குத்தானே.

பிரியமுள்ள தங்கை,
அம்சவள்ளி


வடக்கனந்தல்
20-2-1972

அன்புத் தங்கைக்கு அக்கா ஆசீர்வாதம். எல்லாரும் சௌக்கியம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். எழுதுவது தைலு.

மலைக்கு ஓடுகிற மாயவன் ஜீப்பில் பெட்டியை ஏற்றிவிட்டேன். நீ நாலு துணி எடுத்து வைக்கச் சொல்லியும் எதையும் எடுத்து வைக்கவில்லை. எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்கத் தோன்றும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டேன். பேரன் வந்தால் கடைத் துணி போட்டுக்கொள்ளட்டும். இனி எனக்கு எதற்கு அந்தச் சுமை? உடுத்துவாயோ, வெட்டித் தைப்பாயோ, யாருக்குக் கொடுப்பாயோ, உன் இஷ்டம். கண்ணாயிரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். பரணில் மல்லாட்டை ஏறிவிட்டது.

பெரியநாயகி


வெள்ளிமலை
15-3-1972

அன்பு அக்காவுக்கு, மாமாவுக்கு, பிள்ளைகளுக்கு நலம் பல உண்டாகட்டும். நாங்கள் சுகமே.

பெட்டி வந்த அன்றைக்கு இங்கே ஒரு திருவிழாதான். மாயவன் இறக்கி வைத்துவிட்டு, "இன்னாம்மா, கல்யாண சீரா?" என்றான். திறந்ததும் சின்னதுரை தைலுவின் ரோஸ் பாவாடையை எடுத்து மாட்டிக்கொண்டான். கழற்ற மாட்டேன் என்று பள்ளிக்கூடம் வரைக்கும் அப்பா பின்னாலேயே போய்விட்டான். வாத்தியார் மானம் போயிற்று.

காசியம்மாள் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு பிளானல் கொடுத்தேன். அவள் சொல்லி இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்கும் கொடுத்தேன். கிழிந்த புடவைகளைச் சேர்த்து மெத்தை மாதிரி ஒரு விரிப்பு தைத்திருக்கிறேன். காலையில் வாசலில் நின்று பார்த்தால் சரிவு முழுக்க உன் பிள்ளைகள் ஓடுகிற மாதிரி இருக்கிறது. அதோ ராமசாமி சட்டை, இதோ செவ்வந்தி கவுன் என்று நான் பாட்டுக்குச் சிரித்துக்கொள்கிறேன். நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

அம்சா


வடக்கனந்தல்
30-4-1972

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதச் சொல்வது. நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுது.

நல்ல சேதி. செவ்வந்திக்கு மூன்று மாதம். சம்பந்தியம்மா இருசம்மாள் ஆள் விட்டுச் சொன்னார்கள். உன் மாமா வெல்லம் வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார்.

அப்புறம் அம்சா, அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்ப முடியுமா? துணியோடு, எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும். ஏன் என்று கேட்காதே. மாயவன் கீழே வரும்போது நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம் புளியங்காயும் கொடுத்தனுப்பு. அதையும் ஏன் என்று கேட்காதே. கார்டில் எதுவும் எழுதாதே, தபால்காரர் தெருமுனையிலேயே படித்துவிடுகிறார்.

பெரியநாயகி

சித்தி, அம்மா கொல்லைக்குப் போன நேரத்தில் இதை எழுதுகிறேன். அம்மாவுக்குக் காலையில் எழுந்ததும் வாந்தி. கேட்டால் பித்தம் என்கிறாள். அப்பா பரணைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார், அம்மா அவரிடம் பேசுவதே இல்லை. பித்தத்துக்கு மலையில் ஏதாவது மூலிகை இருந்தால் அனுப்பவும். தைலம்மாள்.


வெள்ளிமலை
14-5-1972

அன்பு அக்காவுக்கும், இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டும் என் செல்லம் தைலுவுக்கும் அம்சா எழுதுவது. எங்களுக்குக் குறைவில்லை.

செவ்வந்தி சேதி கேட்டு இவரும் நானும் துள்ளிக் குதித்தோம். சின்னதுரையும் எதற்கென்று தெரியாமல் குதித்தான்.

தைலு, அம்மாவின் பித்தத்துக்கு மூலிகை எதுவும் தேவையில்லை. அந்த வகைப் பித்தம் எனக்குத் தெரியும். ஐந்து தடவை உன் அம்மாவுக்கு வந்ததுதான். மார்கழி வாக்கில் தானாக இறங்கிவிடும். அதுவரை கனமான குடம் தூக்க விடாதே.

அக்கா, இந்தக் கடிதத்துக்குப் பதிலை மாமா தன் கையால் எழுத வேண்டும். என்ன கிறுக்கலாக இருந்தாலும் சரி. பெட்டி விஷயம் அதற்கப்புறம் பேசலாம். துணியில் முக்கால்வாசி இப்போது பிள்ளைகள் உடம்பில் இருக்கிறது. கழற்றிக் கொடு என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்றுதான் யோசிக்கிறேன். நீ கவலைப்படாதே.

ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். ஒரு ஜாடி போதாதென்று இரண்டு.

உன் அம்சா


வடக்கனந்தல்
24-6-1972

அன்புள்ள அம்சாவுக்கு மாமன் நாராயணசாமி எழுதுவது. நீங்கள் மூவரும் நன்றாக இருக்க அம்மன் துணை.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. ஒன்று, எனக்கு எழுத்து வராது. இரண்டு, உன் அக்கா இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள். அவள் சொல்வது இது:

அம்சா, நீ நினைத்தது சரி. எனக்கும்தான். நாற்பது வயசை எட்டப் போகிறேன், மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இந்தக் கூத்து தேவையா? முதலில் எனக்கே தெரியவில்லை, தீட்டு நின்று போகிற வயசாக்கும் என்று இருந்துவிட்டேன். வயசுக்கு வரப்போகிற பெண்ணை உட்கார வைத்து, உன் அம்மா உண்டாகியிருக்கிறாள், எழுது என்று எப்படிச் சொல்வேன்? அதனால்தான் பெட்டியை மட்டும் கேட்டேன். பிறக்கும் முன்னால் புதுத்துணி வாங்குவது ஆகாது. பழசு கேட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் ஊரே கேட்கும், யாருக்கு என்று. மனசாரக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கிறேனே என்று எனக்கே கூசுகிறது.

(இந்த இடத்தில் என்னை நாலு வார்த்தை திட்டினாள். அதை எழுதவில்லை.)

ஆவணியில் செவ்வந்திக்கு வளைகாப்பு. நான்தான் போய் நடத்தி அவளை அழைத்து வர வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி மகளுக்குப் பக்கத்தில் நானும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தட்டு ஏந்தி நிற்பதா? நாலு பேர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த வீட்டில் என் மகள் எப்படி நிமிர்ந்து நடப்பாள்? அவள் கண்ணால் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. அதனால் நீ போ. அம்மா ஸ்தானத்தில் நின்று வளையல் போடு. எனக்குக் கால் வீக்கம் என்று சொல்லிவிடு. அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

இவ்வளவும் அவள் சொன்னது. இனி நான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அம்சா. வெளியே காட்டக் கூடாதென்று உத்தரவு.

நாராயணசாமி


வெள்ளிமலை
6-7-1972

என் உயிர் அக்காவுக்கு, பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் மாமா படித்துக் காட்ட வேண்டியது. இங்கே சுகம். நீ இரண்டு பேருக்காகச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

மாமா கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் காசியம்மாள் ஓடி வந்துவிட்டாள். சொல்லிவிட்டேன். கோபப்படாதே. அவள் இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது மாதிரி பார்த்தாள். "அந்த அம்மாவுக்கா? மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்றாள். மறுநாள் கொடுத்த பிளானல் எல்லாம் துவைத்து மடித்து வாசலுக்கு வந்துவிட்டது. மற்ற வீட்டுக்காரர்களும் கொண்டுவந்தார்கள். நான் கேட்கவே இல்லை. "எங்க புள்ளைங்களும் இத போட்டு நல்லாத்தான் இருக்குதுங்க, இன்னும் விசேஷம்" என்று ஒருத்தி சொன்னாள். வாங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளுக்குக் குளிருமே என்று வேறு சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அக்கா, உன் ஸ்தானத்தில் நான் போய் நிற்க மாட்டேன். சித்தியாகப் போவேன். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக அம்மா வரவில்லை என்றால் அந்தப் பெண் மனசு என்ன பாடுபடும்? கால் வீக்கம் என்றால் நம்பிவிடுவாளா? நீ அசடு, அவள் அசடில்லை. சொல்ல மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஆனால் நீயே சொல்லிவிடு.

அம்சவள்ளி


உளுந்தூர்பேட்டை
12-8-1972

அம்மாவுக்குச் செவ்வந்தி வணக்கம். நானும் வயிற்றிலிருப்பதும் சுகம். நீயும் உன் வயிற்றிலிருப்பதும் எப்படி இருக்கிறீர்கள்?

தைலு, நிறுத்தாமல் படி. உனக்கும் தெரியத்தான் வேண்டும்.

போன வாரம் அப்பா மல்லாட்டை விற்க வந்தவர் எங்கள் ஓட்டலில் சாப்பிட்டார். என் மாமியார் வழக்கமாக, "சம்பந்தியம்மா எப்படி இருக்கறாங்க?" என்று கேட்டார்கள். அப்பா இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அத்தை விடுவார்களா? ரசம் ஊற்றுவதற்குள் எல்லாம் வந்துவிட்டது.

பொய் சொல்லக் கூடாது, அம்மா. கேட்டதும் அன்றைக்கு முழுக்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சாப்பிடாமல் படுத்திருந்தேன். அத்தை வந்து உட்கார்ந்து, "உன் வூட்டுக்காரனும் அவன் சின்ன மாமனும் ஒரே தூளியில வளந்தவங்க. எங்கம்மா எம்புள்ளைக்கும் பால் குடுத்தா, தெரியுமா?" என்றார்கள். இவர் அந்த மாமாவை ஏன் வாடா போடா என்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது. எழுந்து சாப்பிட்டேன். அப்புறம் வேறு ஒன்றுதான் உறுத்தியது. மலையில் இருக்கிற சித்திக்குச் சொன்னாய், எனக்குச் சொல்லவில்லை.

நீ வராமல் எனக்கு யார் வளையல் போட்டாலும் கையை நீட்ட மாட்டேன். வெட்கப்பட்டால் இரண்டு பேரும் சேர்ந்து படலாம். வந்து என்னை அழைத்துக்கொண்டு போ.

உன் மூத்த மகள்,
செவ்வந்தி


வடக்கனந்தல்
10-9-1972

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதச் சொல்வது. தைலுதான் எழுதுகிறாள், இனி அவளுக்கு ஒளிவு மறைவு இல்லை. அனைவரும் சுகம். மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப் வராததால் உன்னைத்தான் வளைகாப்பில் காணவில்லை.

போனேன், அம்சா. பஸ்ஸை விட்டு இறங்கினேன். முந்தானையை எப்படி இழுத்து விட்டாலும் மறைகிறதா என்ன? வாசலில் சம்பந்தியம்மா நின்றார்கள். தட்டைப் பிடுங்கி உன் மாமா கையில் கொடுத்துவிட்டு, "மொதல்ல ஒக்காருங்க" என்று என்னைச் செவ்வந்தி பக்கத்திலேயே மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். "இன்னாம்மா அங்க சிரிப்பு? சத்தமா சிரிங்க, நாங்களும் சிரிக்கிறோம்" என்றார்கள் சம்பந்தியம்மா. கொல்லென்று சபையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

செவ்வந்திக்கு முதல் வளையல் நான்தான் போட்டேன். எனக்கு மிச்ச வளையல் முழுவதையும் அவள் போட்டுவிட்டாள். இப்போது இரண்டு பேரும் இந்த வீட்டில் கலகலவென்று நடக்கிறோம். உன் மாமா, எந்தச் சத்தம் யாருடையது என்று தெரியாமல் தண்ணீர்ச் செம்போடு அலைகிறார்.

பாதை சரியானதும் பெட்டியை அனுப்பு. ஐப்பசியில் நீயும் வா.

பெரியநாயகி


வெள்ளிமலை
2-10-1972

அக்கா, அவசரமாக நாலு வரி. நலம், நலம் வேண்டுகிறேன். பாதை திறந்தாயிற்று, பெட்டி மாயவன் ஜீப்பில் வருகிறது. கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், மூடி சாத்த வரவில்லை. போனதைவிடத் திரும்புவது ஜாஸ்தி. உன் பிள்ளைக்கென்று காசியம்மாளே தைத்த குல்லாய் ஒன்று மேலேயே இருக்கும். தீபாவளி முடிந்ததும் நானும் இறங்குகிறேன்.

அம்சா


வடக்கனந்தல்
28-12-1972

என் அன்புத் தங்கைக்கு அக்கா பெரியநாயகி சொல்வது. நான் சுகம், செவ்வந்தி சுகம், குழந்தைகள் இரண்டும் சுகம். குழந்தைகள் என்று சொல்ல இப்போது வாய் கூசவில்லை.

செவ்வந்தி மகன் பிறந்தபோது நீ கூட இருந்து எல்லாம் பார்த்தாய். பள்ளிக்கூடம், சின்னதுரை என்று நீ மலை ஏறின பிறகு எனக்கு மார்கழி பிறந்ததும் வலி கண்டது. அதிகக் கஷ்டம் வைக்கவில்லை. பையன். உன் மாமா வாசலில் நின்றுகொண்டு, "இன்னா கொழந்த?" என்று கேட்கக் கூட வெட்கப்பட்டு இருமிக்கொண்டே இருந்தாராம்.

மருத்துவச்சி, "பழந்துணி எடு" என்றாள். தைலு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். இது நல்லா இருக்குதா, இது யாருது என்று அவளுக்குத் தடுமாற்றம். அந்த நேரம் செவ்வந்தி, அந்தப் பக்கம் மகனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள், அவன் போட்டிருந்த சட்டையைக் கழற்றினாள். எழுந்து வந்து மருத்துவச்சி கையில் கொடுத்து, "எந்தம்பிக்கு இத போடுங்க, எம்புள்ள போட்டு நல்லா இருக்கறான்" என்றாள். உடம்புச் சூடு கூட ஆறவில்லை. வெறும் உடம்போடு அவள் மகன் வீறிட்டு அழுதான். பெட்டியில் கைவிட்டுக் கயிறு வைத்த மல் சட்டை ஒன்றை எடுத்து அவனுக்குக் கட்டினாள். அது அவள் போட்டு வளர்ந்தது. அவளுக்கு அது தெரியாது.

எனக்கு அழுகை வந்துவிட்டது, அம்சா. பிரசவ வலியில் அழாதவள் அப்போது அழுதேன். இத்தனை மாதம் பட்ட வெட்கம் அதோடு போயிற்று.

சம்பந்தியம்மா பார்க்க வந்தவர்கள் விஷயம் கேட்டுச் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். உலகத்தில் தாய்மாமன்தான் மருமகனுக்குச் சீர் செய்வான். இங்கே மாமன் மருமகனிடம் சட்டை வாங்கிக்கொண்டே பிறந்திருக்கிறான்.

பேர் வைக்க வந்துவிடு.

உன் அக்கா,
பெரியநாயகி